தலையணையோடு தூக்க வேண்டிய பிள்ளை

குழந்தைகள் நல வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முதலில் மறுத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவம் கேட்டால் எல்லாவற்றிலும் நாங்கள்தான் கெட்டிக்காரர்களாக இருந்ததாகச் சொல்வோம். சட்டம், விண்ணப்பம், விசாரணை முறை எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதில் எனக்கு வேலை இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் விஷயத்தில் நான் அடைந்த அதிர்ச்சி இன்றும் தெளியவில்லை. அதை மட்டும் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சித்தூரில், கைவிடப்பட்ட பச்சைக் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் நான் சமூகப் பணியாளராக இருந்தேன். திருப்பதிக்கு வருகிற கூட்டத்தில் யாராவது ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போவது எங்களுக்குப் புதிதல்ல. ஆசினி அப்படி வந்தவள்தான். பயணிகள் தங்கும் கூடம் ஒன்றில் ஈரத் துண்டில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். பிறந்து சில நாள் ஆகியிருக்கும். இடது கால் லேசாக வளைந்திருந்தது. பிரசவத்தில் எலும்பு விட்டிருக்கிறது, சத்தும் குறைவு, எடை ஏறினால் தேறிவிடும் என்று பார்த்த மருத்துவர் சொன்னார். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம்.

கண்கள் மட்டும் அத்தனை அழகு. விழியின் வெள்ளைப் பகுதியில் மெல்லிய நீலம் ஓடும். "கிருஷ்ணய்யா ரங்கும்மா இது," என்று எங்கள் ஆயம்மா மங்கம்மா கொஞ்சுவாள். கிருஷ்ணனின் நிறமாம். மங்கம்மா தெலுங்குக்காரி. எங்களோடு பேசிப் பேசி அவளுடைய தமிழும் எங்களுடைய தெலுங்கும் ஒன்றாகக் கலந்து போயிருந்தன. இல்லத்துக்கு வருகிறவர்களும் நாங்களுமாக எல்லாரும் அந்தக் கண்ணைப் புகழ்ந்தோம். அந்த நீலம் எதைச் சொல்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தத்தெடுக்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். துணியை விலக்கிக் காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும். அடுத்த தொட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்கள். அவர்களைத் திட்டத் தோன்றும், திட்டக் கூடாது. பிள்ளை வளர்ப்பது வேண்டுதல் அல்ல, வேலை. முடியாது என்று முதலிலேயே சொல்கிறவர்கள், முடியும் என்று கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர்களைவிட எவ்வளவோ மேல். இப்படி யாரும் கேட்காத பிள்ளைகளை முதலில் ஒரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்து, பிறகு அவர்களே விரும்பினால் தத்துக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. அப்படித்தான் பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து முனிரத்தினமும் செல்வியும் வந்தார்கள்.

கரும்பும் கொஞ்சம் மாமரமும் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். கல்யாணமாகி வெகு காலம் பிள்ளை இல்லை. ஏன் இந்தக் குழந்தை என்று கேட்டேன். உருக்கமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். முனிரத்தினம் துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, "நல்லா இருக்குற புள்ளைக்கு வருசக்கணக்குல காத்துக்கினு கெடக்கணும்னாங்க மேடம். யாரும் வேணான்னு வுட்ட புள்ளைன்னா சீக்கிரம் குடுப்பீங்களாமே," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் அடிபட்ட மாம்பழத்தைக் கேட்கிறவரைப் போல இருந்தது அந்தப் பேச்சு. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் செல்வி தொட்டிலின் அருகே போய்விட்டாள். அவள் பிள்ளையைத் தூக்கவில்லை. ஒரு விரலை நீட்டினாள். ஆசினி அதைப் பிடித்துக்கொண்டாள். நான் அனுப்பும்வரை அந்த விரலை அவள் எடுக்கவே இல்லை.

அவர்கள் வீட்டுக்குச் சில மாதங்களில் பலமுறை போய்ப் பார்த்தேன். பிள்ளை தேறியிருந்தாள். ஒரு விஷயம் மட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. செல்வி அவளை இடுப்பில் வைப்பதில்லை, தோளில் போடுவதில்லை. ஒரு தட்டையான இலவம் பஞ்சுத் தலையணையின் மேல் கிடத்தி, தலையணையோடு தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றுவாள். குளிக்க வைக்கவும் தலையணை, வாசலில் வெயில் காட்டவும் தலையணை.

"என்ன செல்வி, மகாராணிக்குப் பல்லக்கா?" என்று கிண்டல் செய்தேன்.

"கையில தூக்கினா அழுவுது மேடம். தலாணில வெச்சா சிரிச்சிக்கினு கெடக்குது. அதுக்கு எது புடிக்குதோ அதான."

ஆசையாய்ப் பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இல்லாத செல்லம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். கையில் தூக்கினால் ஏன் அழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் திருப்பதியில் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. உங்கள் இல்லத்துக் குழந்தை இங்கே இருக்கிறது, உடனே வாருங்கள் என்றார் ஒரு பெண் மருத்துவர். குரல் இறுகி இருந்தது. போனதும் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். வலது மேல்கை உடைந்திருந்தது. அது புதிது. பிறகு ஒவ்வோர் இடமாகப் பேனாவால் காட்டினார். வலது காலில் ஒன்று. இடது முன்கையில் ஒன்று. விலா எலும்புகளில் சில. எல்லாம் உடைந்து தானாகச் சேர்ந்த பழைய முறிவுகள்.

"யாரோ இந்தக் குழந்தையை அடிக்கறாங்க. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப," என்றார்.

அந்த வீட்டில் காபி குடித்திருக்கிறேன். அந்த வாசலில் உட்கார்ந்து பிள்ளையைக் கொஞ்சியிருக்கிறேன். அதே வீட்டுக்குள் இத்தனை எலும்புகள் உடைந்தன என்றால் நான் எதைப் பார்த்துவிட்டு வந்தேன்?

செல்வி வெளியே நடைபாதையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெறும் தலையணை. முனிரத்தினம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன நடந்தது?" என்றேன்.

"நான் ஒண்ணும் செய்யல மேடம். சட்டை மாத்தினேன். கைய உள்ள நுழைச்சேன். கத்திச்சி பாரு, அப்படி ஒரு கத்து. காய்ச்சலும் இருந்துதேன்னு இங்க இட்டாந்தோம்."

"இதுக்கு முன்னாடி உடைஞ்சிருக்கா?"

அவள் மறைக்கவே இல்லை. "ஆமா மேடம். காலு ஒரு வாட்டி, கையி ஒரு வாட்டி. புத்தூர் போயி கட்டிக்கினு வந்தோம்."

"எங்களுக்கு ஏன் சொல்லல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் உண்மையான குழப்பம் இருந்தது. "எங்கூர்ல எலும்பு ஒடைஞ்சா யாருக்கு மேடம் சொல்லுவாங்க? பஸ் ஏறிப் புத்தூருதான் போவாங்க."

உங்களில் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரத்தில் மாமரத்திலிருந்து விழுந்தாலும், வண்டியிலிருந்து விழுந்தாலும் புத்தூர்க் கட்டுதான். பச்சிலையும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றுவார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருவார்கள். எனக்கே சின்ன வயதில் மணிக்கட்டு அங்கே கட்டியதுதான். அது ஒளிக்கிற காரியம் அல்ல. தலைவலிக்குத் தைலம் தேய்க்கிற மாதிரி. ஆனால் கட்டு அவிழ்ந்ததும் தடயம் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு முறையும் நான் போகும்போது கட்டு அவிழ்த்தாகிவிட்டிருந்தது. கட்டு இருந்த நாட்களில் நான் போகவில்லை. அது தற்செயல். மருத்துவருக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று எனக்கும் அப்படித் தெரியவில்லை.

மருத்துவர் செய்தது சரி. எழுதி அனுப்பினார். காவல்துறைக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போனது. அதை வைத்துக்கொண்டு அவரைக் குறை சொல்லாதீர்கள். இப்படி யாரும் எழுதி அனுப்பாமல் விட்டதால் பிள்ளைகள் செத்துப்போன வீடுகளும் எனக்குத் தெரியும்.

குழு கூடியது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவி, பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கடப்பைப் பக்கத்திலிருந்தும் கர்நூலிலிருந்தும் வந்தவர்களுக்குப் புத்தூர்க் கட்டைப் பற்றிக் காதில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு கைக்குழந்தையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகாமல் கட்டுக்காரரிடம் கூட்டிப்போனது ஏன், மறைக்கத்தானே என்று கேட்டார்கள். முனிரத்தினத்தின் தெலுங்கு அவர்கள் முன்னால் தடுமாறியது. தடுமாற்றம் குற்றவாளியின் முகத்தைக் கொடுத்துவிடும். விசாரணை முடியும்வரை குழந்தையை இல்லத்துக்கே கொண்டுபோகும்படி சொன்னார்கள்.

பிள்ளையை வாங்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. கூட எங்கள் இல்லப் பொறுப்பாளர் அம்மாவும் ஒரு பெண் காவலரும். செல்வி கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. தலையணையோடு பிள்ளையை நீட்டினாள்.

"இதோட எடுத்துக்கினு போங்க. அக்குள்ல கை குடுத்துத் தூக்காதீங்க. காலப் புடிச்சித் தூக்காதீங்க. திருப்பறதுன்னா ரெண்டு கையாலயும் ஒட்டுக்கா திருப்புங்க."

பொறுப்பாளர் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு தலையணையைத் திருப்பிக் கொடுத்தார். "மா தக்கர அன்னி உன்னாயி," என்றார். எங்களிடம் எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம். வண்டியில் ஏறியதும் என்னிடம் தணிந்த குரலில், "பாத்தியா? எங்க தொட்டா வலிக்கும்னு எவ்ளோ துல்லியமா சொல்றா. செய்தவளுக்குத்தானே தெரியும்?" என்றார்.

நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் அது எத்தனை நியாயமாக இருந்தது தெரியுமா? நம்பிக்கை ஒரு முறை போய்விட்டால் ஒருவர் காட்டும் அக்கறைகூட அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். அவள் எச்சரிக்காமல் இருந்திருந்தால் கல்நெஞ்சக்காரி என்றிருப்போம். எச்சரித்தாள், ஆகவே குற்றவாளி என்றோம். அந்த வண்டியில் நாங்கள் போட்ட கணக்கில் அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பிக்க வழி இல்லை.

இல்லத்தில் ஆசினி மங்கம்மாவின் பொறுப்பில் இருந்தாள். மங்கம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் இல்லத்தில் அவள் கையில் வளராத பிள்ளை கிடையாது. கோபம் வந்தால் எங்களைத் திட்டுவாள், பிள்ளைகளை ஒரு சொல் சொல்ல மாட்டாள். உடைந்த கை கூடி வந்தது. ஆனாலும் பிள்ளை அழுதுகொண்டே இருந்தாள். அம்மாவைத் தேடுகிறாள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பயந்துபோயிருக்கிறாள் என்றோம்.

ஒரு காலை வேளை. தொட்டில் அறையில் நான் மங்கம்மாவோடு ஏதோ பேசிக்கொண்டு நின்றேன். அவள் ஆசினிக்கு ஈரத் துணி மாற்றினாள். நீங்களும் நானும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்படிச் செய்வோமோ அப்படித்தான் செய்தாள். இரண்டு கணுக்கால்களையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, இடுப்பை மெல்லத் தூக்கி, மறு கையால் துணியை உருவினாள். வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டது. முருங்கைக் குச்சி முறிகிற மாதிரி, சின்னச் சத்தம்.

பாட்டு நின்றது. பிள்ளை உடனே அழவில்லை. வாயைத் திறந்தாள், மூச்சு வரவில்லை, முகம் நீலமாகிக்கொண்டே போயிற்று. அப்புறம்தான் அந்தக் கத்தல் வந்தது. மங்கம்மா கணுக்கால்களை விடவும் தெரியாமல், பிடித்திருக்கவும் தெரியாமல் பேயறைந்தவள் போல நின்றாள். பிள்ளையின் வலது தொடை இருக்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

"நான் ஒண்ணும் செய்யலம்மா," என்றாள் மங்கம்மா. "நிஜங்கா ஒண்ணும் செய்யல. துணி மாத்தினேன்."

இதே வார்த்தைகளை நான் கேட்டிருக்கிறேன். மருத்துவமனை நடைபாதையில், மடியில் வெறும் தலையணையை வைத்துக்கொண்டு ஒருத்தி இதையேதான் சொன்னாள். நான் ஒண்ணும் செய்யல மேடம், சட்டை மாத்தினேன். அவள் சொன்னபோது அது பொய்யாகக் கேட்டது. இவள் சொல்லும்போது உண்மையாகக் கேட்டது. இவளுடைய கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளுடைய கையைப் பார்க்கவில்லை. வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

பிள்ளையைத் தூக்க எங்கள் இருவருக்கும் பயம். கடைசியில் மங்கம்மாவே தன் கட்டிலிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டு வந்தாள். ஒட்டுக்கா, ரெண்டு கையாலயும் என்று செல்வி சொன்னது எனக்கு நினைவு வந்தது. அப்படியே அதன்மேல் கிடத்தினோம்.

வண்டி வருவதற்குள் பொறுப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவரை வில்லியாக நினைத்துவிடாதீர்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்த இல்லம் மூடப்பட்டுவிடுமோ என்ற பயம் அவருக்கு. முகத்தில் ஈயாடவில்லை. சொன்னதும் பயத்தில்தான் சொன்னார்.

"ஏற்கெனவே அத்தனை முறிவு இருக்கு. இதுவும் அங்கயே ஆனதுதான்னு சொல்லிட்டா யாருக்குத் தெரியும்? கை கட்டுல கவனம் இருந்ததால தொடையை அப்போ கவனிக்கலன்னு சொல்லிடலாம். அவங்க எப்படியும் மாட்டிக்கிட்டாங்க. மங்கம்மா பாவம், வேலை போயிடும். இல்லத்துக்கும் கெட்ட பேரு."

அவர் கேட்டது எனக்கு அதிர்ச்சி இல்லை. அது எவ்வளவு சுலபம் என்பதுதான் அதிர்ச்சி. பொய் சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். செல்வியின் கணக்கில் இன்னோர் எலும்பு தானாகவே சேர்ந்துவிடும். மங்கம்மா பிழைப்பாள், இல்லம் பிழைக்கும். நான் இருபுறமும் நல்லவளாக இருந்துவிட்டுப் போகலாம்.

இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு சாத்திய கதவு வரும். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருப்பார்கள். வெளியே இருப்பவருக்கு மட்டும் ஏற்கெனவே கெட்ட பேர் இருக்கும். அப்படிப்பட்ட அறையில் எடுக்கும் முடிவு எதுவானாலும் ஒரு நிமிஷம் அதைச் சந்தேகப்படுங்கள்.

"அவங்க அடிக்கலைன்னா?" என்றேன். "மங்கம்மாவும் அடிக்கலையே. இதை மறைச்சிட்டா பிள்ளைக்கு என்னன்னு யாருக்குமே தெரியாமப் போயிடும். அடுத்த எலும்பு யார் கையில உடையப் போகுதோ."

கதவு திறந்தது. மங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேனே செப்தானம்மா," என்றாள். "நானே ஆஸ்பத்திரியில சொல்றேன். என் கையில ஒடைஞ்சத அந்தப் பொண்ணு தலையில போட்டா நான் அப்புறம் எந்தப் புள்ளையத் தொடுவேன்?"

வேலை போனாலும் போகட்டும் என்று அவள் வசனம் பேசவில்லை. வண்டியில் வழி முழுக்க வேலை போய்விடுமே என்று அழுதுகொண்டுதான் வந்தாள். ஆனால் வந்தாள்.

அதே மருத்துவமனை, அதே மருத்துவர். மங்கம்மா நடந்ததைச் சொன்னாள். காலை எப்படிப் பிடித்தாள், எவ்வளவு உயரம் தூக்கினாள், எல்லாம். நான் பார்த்தேன் என்று நானும் சொன்னேன். மருத்துவர் பழைய படங்களையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு படத்தை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் போனார். குனிந்து, கண் இமையை விரலால் மெல்ல விலக்கினார். அந்த நீலத்தைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் அன்னிக்கு எலும்பைத்தான் பார்த்தேன்," என்றார். மூத்த மருத்துவரைக் கூப்பிட்டார். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர நாளானது. பிறவியிலேயே எலும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும் நோய். பல்லாயிரத்தில் எங்கோ ஒரு பிள்ளைக்கு வருவது. விழியில் தெரியும் நீலம் அதன் அடையாளங்களில் ஒன்று. யாரும் அடிக்க வேண்டியதில்லை. சட்டை மாற்றினால் போதும், தும்மினால்கூடப் போதும். வந்தபோதே வளைந்திருந்த காலை நாங்கள் சத்துக் குறைவு என்று விட்டுவிட்டோமே, அதுவும் இதுதான்.

நாங்கள் கொஞ்சி மகிழ்ந்த கிருஷ்ணய்யா ரங்கு. மங்கம்மா அதைக் கேட்டபோது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் எந்தப் பிள்ளையையும் தொடவில்லை.

மறுபடியும் குழு கூடியது. தலைவி மங்கம்மாவைக் கூப்பிட்டு, எப்படித் தூக்கினாய் என்று கேட்டார். மங்கம்மா காற்றில் கையை வைத்துக் காட்டினாள். "நானும் என் பேரனுக்கு இப்படித்தான் செய்யறேன்," என்றார் தலைவி. அறையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முனிரத்தினத்தின் மேலும் செல்வியின் மேலும் எந்தக் குற்றமும் இல்லை, அவர்கள் விரும்பினால் பிள்ளையை மறுபடி வளர்க்கலாம் என்று முடிவானது. மங்கம்மாவின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விரும்பினால் என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. எந்த முகத்தோடு போய்க் கேட்பது? பொறுப்பாளர் வெளிப்படையாகவே சொன்னார், வர மாட்டார்கள் என்று. ஊர் முன்னால் அவமானப்பட்டவர்கள். அதோடு இப்போது நோயின் பெயரும் தெரிந்துவிட்டது. சத்துக் குறைவு என்று நம்பி எடுத்த பிள்ளை வேறு, ஆயுள் முழுக்க உடையப்போகிற பிள்ளை வேறு.

நான்தான் போனேன். முனிரத்தினம் கரும்புத் தோட்டத்து வரப்பில் நின்றிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நல்லது. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கூசியிருக்கும்.

"பச்சப் புள்ளைய அடிச்சவன்னு பேரு மேடம்," என்றார். "டீக்கடையில நான் போயி ஒக்காந்தா எழுந்து போறாங்க. போலீசு வந்து வீட்ல நிக்கிறத ஊரே பாத்துது. இவ சோறு துன்னாம கெடந்தா. இப்ப வந்து தப்பாப் போச்சின்றீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. பிறகு நோயைப் பற்றிச் சொன்னேன். பூசி மெழுகவில்லை. இன்னும் உடையும். நடப்பாளா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்து ஏற்றத் திருப்பதிக்குத் திரும்பத் திரும்பக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். இதற்குக் கட்டுப் போட்டு முடித்துவிட முடியாது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றேன்.

அவர் கரும்புத் தோகை ஒன்றைக் கிழித்துக்கொண்டே கேட்டார். "வேற யாருனா எடுத்துக்குவாங்களா?"

"மாட்டாங்க."

"யாரும் வேணான்னு வுட்ட புள்ளைன்னா எங்களுக்குத்தான குடுப்பீங்க," என்றார். "அன்னிக்கே கேட்டேனே."

முதல் நாள் எனக்கு அத்தனை கொச்சையாகப் பட்ட அதே பேச்சு. வரப்பிலேயே நின்று அழுதுவிட்டேன். அவர் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்தார். வீட்டுக்குள் போனபோது செல்வி கொடியிலிருந்து தலையணை உறையை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. "இப்பவே வண்டியில வரலாமா மேடம்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அதற்குப் பிறகும் ஆசினிக்கு உடைந்தது. மருந்து ஏற ஏற உடைவது குறைந்தது. ஒவ்வொரு முறையும் செல்வி எனக்குத்தான் முதலில் போன் செய்வாள். "மேடம், காலு. திருப்பதி போய்க்கினு இருக்கோம்," என்பாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில். அந்தக் குரலை நாங்கள்தான் அவளுக்குப் பழக்கினோம்.

தத்து உத்தரவு வந்த நாளில் நான் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தேன். சித்தூர் கலெக்டர் அலுவலகத்தில் உத்தரவைக் கொடுத்தார்கள். இரண்டு வயது தாண்டிய ஆசினி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாரையும் வேடிக்கை பார்த்தாள். "நைனா, ஜிலேபி," என்று முனிரத்தினத்தின் காதில் சத்தமாக ரகசியம் சொன்னாள். அங்கிருந்த அதிகாரி ஒருவர் செல்வியைப் பார்த்து, உங்களைப் போன்ற தாயைப் பார்த்ததில்லை, நீங்கள் மற்றவர்களுக்கு உதாரணம் என்று மனதாரப் பாராட்டினார். செல்வி கைகூப்பினாள்.

வெளியே புங்க மரத்தடியில் ஆட்டோவுக்காக நின்றோம். எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று, "எல்லாரும் உன்னைப் புகழறாங்க செல்வி. நல்ல பேரு வாங்கிட்ட," என்றேன்.

அவள் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அந்த ஆயம்மா கையில எம்புள்ள காலு ஒடைஞ்சிது மேடம், அதனால எனக்கு நல்ல பேரு வந்துது. அன்னிக்கு அது ஒடையாம இருந்திருந்தா?"

ஆட்டோ வந்து நின்றது. முனிரத்தினம் உள்ளே ஏறி இரண்டு கைகளையும் நீட்டினார். செல்வி பிள்ளையைத் தலையணையோடு அவரிடம் கொடுத்துவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தாள். போய்வருகிறேன் என்று தலையாட்டினாள். அவள் கேட்டதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.